அமிலத்துக்கும் நிக்கலுக்கும் நடுவே

பிப்ரவரி 4

அன்புள்ள தம்பிக்கு,

செயற்கைக்கால் நிறுவனத்தின் வேலை உன் பட்டறைக்கு முதன்முதலாக வந்தபோது உன் மனைவி என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். "அண்ணி, டைட்டானியத்த விமானத்துக்கே போடுறாங்களாமே. அவ்வளவு கெட்டியான உலோகத்துக்கு மேல எதுக்கு நிக்கல் பூசணும்? இரும்புப் பெட்டிக்குத் துணி உறை தைக்கிற மாதிரியில்ல இருக்கு?" என்றாள். நீ சிரித்தாய். பதில் சொன்னவள் நான்தான்.

டைட்டானியம் துருப்பிடிக்காது, எடை குறைவு, பலம் அதிகம். ஆனால் உரசல் அதற்கு ஆகாது. இரண்டு டைட்டானியத் துண்டுகளை அழுத்தித் தேய்த்தால் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். பிரிக்கப் பார்த்தால் ஒன்றின் சதை இன்னொன்றோடு பிய்ந்துகொண்டு வரும். அதனால் நடுவே வேறொரு கடினமான உலோகம் நிற்க வேண்டும். "எங்க ரெண்டு பேரையும் ஒரே அறையில பூட்டி வச்சா என்ன ஆகும்? நடுவுல நீ நிக்கிறதாலதான் இந்த வீடு நடக்குது" என்று உன் மனைவியிடம் சொன்னேன். மூவரும் சிரித்தோம்.

நீ தொலைபேசியை எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

போன வாரம் என் மகள் மாடிப்படியிலிருந்து விழுந்துவிட்டாள். அவளுடைய செயற்கைக்காலில் சட்டமும் டைட்டானியம், முழங்கால் மடங்கும் இடத்தில் குறுக்கே அச்சாகப் போகிற ‘பின்’ என்ற சிறு கம்பியும் டைட்டானியம். அந்தப் பின்னுக்கு நிக்கல் பூசியது உன் பட்டறை. "மாமா பூசினது" என்று அவள் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வாள். படியின் பாதியில் அந்த முழங்கால் மடங்க மறுத்துவிட்டது. முகம் குப்புற விழுந்தாள். முன்பற்கள் இரண்டு போயின. உதட்டில் தையல்.

இறுகிப்போன முட்டியை நிறுவனத்தார் உன்னிடம் அனுப்பியிருக்கிறார்கள். நீ சொல்வதை வைத்துத்தான் முடிவு. பூச்சு கெட்டது என்று நீ எழுதினால் அவளுக்குப் புது முட்டி தருவார்கள், அதே தொகுதியில் பூசிய பின்களை மற்றவர்களிடமிருந்தும் திருப்பி வாங்குவார்கள். போட்டுக்கொண்டவரின் கவனக்குறைவு என்று எழுதினால் ஒன்றும் கிடையாது.

அவளுடைய வேலை உனக்குத் தெரியும். தையல் கூடத்தில் துணி வெட்டுகிற மேசை. நாள் முழுக்க நிற்க வேண்டும். ஊன்றுகோலில் நின்றால் இரண்டு கையும் அதற்கே போய்விடுகிறது, கத்தரியை எதனால் பிடிப்பாள்? அடுத்த மாதம் நடுவரைக்கும் இடத்தை வைத்திருப்பதாகக் கூடத்தின் முதலாளியம்மா சொல்லியிருக்கிறார்.

பின்னைப் பார். பார்த்ததை எழுது. அவ்வளவுதான் கேட்கிறேன்.

அக்கா


பிப்ரவரி 12

அக்காவுக்கு,

பணி ஓய்வு பெற்று இத்தனை காலம் ஆகியும் உன் காதில் பள்ளிக்கூட மணி அடித்துக்கொண்டேதான் இருக்கிறது போல. உன் கடிதத்தைப் படித்துவிட்டு, கடைசியில் வீட்டுப்பாடம் ஏதாவது கொடுத்திருக்கிறாயா என்று தேடினேன். கொடுத்திருக்கிறாய்.

சரி, பார்த்தேன். அந்தப் பின் கறுத்துப்போய், கீறிக் கிழிந்திருக்கிறது. சட்டத்தின் துளையும் அப்படியே. ஆனால் அது ஏன் கிழிந்தது என்பதற்கு ஆயிரம் காரணம் உண்டு. மணல் போயிருக்கலாம். தையல் மெஷின் எண்ணெயை எடுத்து ஊற்றியிருப்பாள். கூடத்தில் அதுதானே கைக்கு எட்டுகிற எண்ணெய்? அந்த எண்ணெயில் பஞ்சும் நூல் தூசியும் ஒட்டிக்கொண்டு அரம் மாதிரி வேலை செய்திருக்கும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. போன தடவை பார்த்தபோதே மருமகள் நன்றாக ஊதியிருந்தாள். கால் செய்தவன் பழைய எடைக்குத்தான் செய்திருப்பான்.

பல் போனதற்கு வருத்தம். ஆனால் அந்தக் குடும்பத்து வாயில் இரண்டு பல் குறைந்தால் பேச்சும் குறையும், நல்லதுதான் என்று என் மனைவியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. நீ சொன்ன மாதிரி நடுவில் நிற்கிறவள் அல்லவா.

என் பட்டறையை நம்பி இருக்கிறவர்கள் உன் வகுப்பில் இருந்த பிள்ளைகளைவிட அதிகம். எல்லோருக்கும் வீடு இருக்கிறது, வயிறு இருக்கிறது. அந்த நிறுவனம் என்னை விட்டுப் போனால் தொட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு நாங்கள் அதன் மேல் உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான். உன் ஓய்வூதியம் மாதம் பிறந்தால் வந்துவிடும். உனக்கு இது புரியாது.

தம்பி


பிப்ரவரி 17

அன்புள்ள தம்பிக்கு,

நீ கேலி செய்தால் எனக்கு நிம்மதியாக இருக்கும். சின்ன வயதில் பொய் சொல்வதற்கு முன்னால் நீ எப்போதும் ஒரு கேலி செய்வாய். அதனால் எந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

முதலில் எண்ணெய். அவள் எந்த எண்ணெயும் போடவில்லை. போடக்கூடாது என்று நிறுவனத்தார் சொன்னதை அப்படியே கேட்டாள். எடை கூடவில்லை, நீ பார்த்த அன்று அவள் போட்டிருந்தது என்னுடைய தொளதொளச் சட்டை.

இனி பூச்சு. ஒரு ஆப்பிளை நறுக்கி மேசையில் வை. கொஞ்ச நேரத்தில் வெட்டுப்பட்ட இடம் பழுப்பாகிவிடும். காற்று பட்டதும் அது தனக்கென்று ஒரு தோல் போட்டுக்கொள்கிறது. டைட்டானியம் அதைவிட ஆயிரம் மடங்கு அவசரக்காரன். அமிலத்தில் அதன் பழைய தோலை உரித்து எடுத்த கையோடு கழுவி, ஈரம் காயுமுன் நிக்கல் தொட்டியில் இறக்கிவிட வேண்டும். நடுவில் காற்றில் தொங்கவிட்டால் கண்ணுக்குத் தெரியாத புதுத் தோல் வந்துவிடும். அதற்குப் பிறகு பூசுகிற நிக்கல் உலோகத்தின் மேல் உட்காராது, அந்தத் தோலின் மேல்தான் உட்காரும். தூசி துடைக்காத சுவரில் ஒட்டிய சுவரொட்டி மாதிரி. பார்க்க அழகாக இருக்கும், பளபளக்கும். ஒரு மூலை பிரிந்தால் முழுவதும் வந்துவிடும். நிக்கல் போன இடத்தில் டைட்டானியமும் டைட்டானியமும் நேருக்கு நேர். பிறகு நடந்ததுதான் படியில் நடந்தது.

இதெல்லாம் உனக்குத் தெரியும். நான் சொல்ல வந்தது உன் பட்டறையின் சாப்பாட்டு மேசையைப் பற்றி.

மகளுக்குக் கால் வருவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் நான் பட்டறைக்கு வந்திருந்த அன்று அதைப் பார்த்து மனம் நிறைந்து போனேன். நீ சாப்பிட உட்காரும்போது எல்லோரும் உட்கார வேண்டும் என்பது உன் வழக்கம். முதலாளி, தொட்டிக்காரர், தரை பெருக்குகிறவர், எல்லோருக்கும் ஒரே மேசை. நீ கை தட்டினால் கையில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு வர வேண்டும். பிந்தி வருகிறவர்களை, "என்ன, மாப்பிள்ளைக்குத் தனிப் பந்தியா?" என்று கிண்டல் செய்வாய். அதற்குப் பயந்தே எல்லோரும் ஓடி வருவார்கள். அன்று தொட்டிக்காரர் ஒரு கூடை நிறையப் பின்களை அமிலத்திலிருந்து எடுத்துக் கழுவிக்கொண்டிருந்தார். நீ கை தட்டினாய். அவர் கூடையைக் கொக்கியில் மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் உன்னிடம் கேட்டேன், "அது அங்கேயே தொங்கலாமா?"

"கழுவியாச்சு அக்கா, சுத்தமா இருக்கு. சாப்பிட்டு வந்து முக்குவோம். அது எங்கேயும் ஓடிப்போகாது" என்றாய்.

சாப்பாடு முடிந்தது. பிறகு நீ ஒரு கதை சொன்னாய். எல்லோரும் சிரித்தோம். நான் திரும்பிப் பார்த்தபோது கூடையிலிருந்து தண்ணீர் சொட்டுவது நின்றிருந்தது.

அன்பினால் செய்த தப்பு. ஒப்புக்கொள்வதற்கு இதைவிடக் கௌரவமான தப்பு ஒருவருக்குக் கிடைக்காது. கோபம் வந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு எழுது. நான் காத்திருக்கிறேன்.

அக்கா


பிப்ரவரி 26

அக்காவுக்கு,

தண்ணீர் குடித்தேன். கோபம் போகவில்லை.

என் மேசையில் சாப்பிட்டுவிட்டு, என் கொக்கியை எண்ணிக்கொண்டு போயிருக்கிறாய். இனி உன்னைச் சாப்பிடக் கூப்பிடுகிறவர்களை நான் எச்சரித்துவிடுகிறேன்.

கூடை தொங்கியதோ இல்லையோ, நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. இதைத் தெளிவாக எழுதிவிடுகிறேன், பிறகு சிவப்பு மையால் திருத்தி அனுப்பாதே. இப்போது உனக்குத் தேவையானதை மட்டும் பேசுவோம். உன் பெண்ணுக்குக் கால் வேண்டும். எனக்கு வேலை வேண்டும். முட்டி என்னிடம் இருக்கிறது. துளையைச் சுத்தமாகக் கடைந்து, மெருகேற்றி, புதுப் பின் போட்டு அனுப்ப என்னால் முடியும். புதிதாகப் பூசியது, என் கையாலேயே. அவள் செய்ய வேண்டியது ஒன்றுதான். மெஷின் எண்ணெய் போட்டேன் என்று நான்கு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும்.

யோசித்துப் பார். உண்மையை எழுதச் சொல்லி என்னைக் கட்டாயப்படுத்த உன்னால் முடியாது. நான் எழுதாதவரை அவள் ஒற்றைக் காலில் உட்கார்ந்திருப்பாள். கூடத்து முதலாளியம்மாவும் எத்தனை நாள்தான் நல்லவளாக இருப்பாள்?

மற்றவர்களைப் பற்றி நீ கேட்பாய் என்று தெரியும். மற்றவர்கள் எனக்கு அக்காவும் இல்லை, மருமகளும் இல்லை.

தம்பி


மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். வேண்டாம்.

அவளிடம் இதைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை, சொல்லப்போவதும் இல்லை. அவள் வலியில் இருக்கிறாள். வலியில் இருக்கிறவர்களிடம் எதையும் விலை பேசக்கூடாது. இன்று காலை குளியலறைக்கு உட்கார்ந்தபடியே நகர்ந்து போனாள். கை கொடுக்கப் போனேன். "தள்ளிக்கோம்மா, வழியில நிக்கிற" என்றாள். தள்ளிக்கொண்டேன்.

அந்தக் கூடையில் எத்தனை பின்கள் இருந்தன என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய முழங்காலில் இருக்கிறது. அவர்களும் படி இறங்குவார்கள், சாலையைக் கடப்பார்கள், குழந்தையைத் தூக்குவார்கள். என் மகள் பொய் எழுதினால் அவர்கள் எல்லோருக்கும் நானும் சேர்ந்து பொய் சொன்ன மாதிரி.

பூச்சு கெட்டது என்று நீ எழுதினால் அவளுக்கும் கால் வரும், அவர்களுக்கும் வரும். இது கணக்கே இல்லை, அவ்வளவு எளிது. உனக்கு எளிதாகும்வரை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். எனக்கு அலுக்காது, அது உனக்குத் தெரியும்.

அக்கா


மார்ச் 15

அக்காவுக்கு,

உனக்கு அலுக்காது. உன் பெண்ணுக்கு அலுத்துவிட்டது.

நீ வேண்டாம் என்று எழுதிய கடிதம் வந்த அன்றே அவளைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன். உன்னிடம் ஏற்கெனவே கேட்டதையும், அவளைக் கேட்காமல் நீயே வேண்டாம் என்று எழுதிவிட்டதையும் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"எங்க மாமா கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டாள்.

"அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடேன்" என்றேன். எனக்கும் மனசாட்சி இருக்கிறது அல்லவா.

"அம்மாவுக்கு ரெண்டு காலும் இருக்கு மாமா. அவங்களுக்கு என்ன அவசரம்?" என்றாள்.

இதை நானாகச் சேர்க்கவில்லை. வார்த்தைக்கு வார்த்தை அவள் சொன்னது. ஒரு ஆசிரியருக்கு மாணவி கொடுத்த மதிப்பெண்ணாக எடுத்துக்கொள். இந்தப் பேச்சை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள், இருந்தாலும் உனக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றியது.

அவள் எழுதிக் கொடுத்தது நிறுவனத்துக்குப் போய்விட்டது. என் அறிக்கையும் போய்விட்டது. முட்டியும் புதுப் பின்னும் அவளுக்கு வந்து சேர்ந்திருக்கும். தொட்டியை விட்டு நகராமல், சாப்பாட்டைக்கூடத் தள்ளிவைத்துவிட்டுப் பூசினேன். உன் ஆப்பிளை நினைத்துக்கொண்டேதான் பூசினேன்.

தொட்டிக்காரரை வேலையை விட்டு அனுப்பிவிட்டேன். கூடையை மாட்டியது அவருடைய கைதானே? நான் கை தட்டினால் ஓடிவருகிறவருக்கு அமிலத்தின் பக்கத்தில் என்ன வேலை? போகும்போது ரொம்ப அழுதார். மேசை அப்படியே இருக்கிறது. அவருடைய இடத்தில் இப்போது புதியவர் உட்காருகிறார், நன்றாகச் சாப்பிடுகிறார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


மார்ச் 24

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய முட்டியைப் போட்டுக்கொண்டு மகள் வேலைக்குப் போகிறாள். முதல் நாள் அவள் கதவுவரை நடந்து போனதைப் பார்த்து நான் அழுதேன். உனக்கு மனதுக்குள் நன்றியும் சொன்னேன். அதை மறைக்க மாட்டேன்.

அவள் என்னோடு பேசுவதில்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிடுகிறாள், தட்டைக் கழுவி வைக்கிறாள். அவள் உன்னிடம் சொன்னதை நீ எழுதியிருந்தாய். அது சரியான பதில்தான். அவளைக் கேட்காமல் அவளுடைய காலைப் பற்றி முடிவு செய்தேன். வலியில் இருக்கிறவர்களைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று அதற்கு ஒரு நல்ல பெயரும் வைத்தேன்.

நேற்று உன் பழைய தொட்டிக்காரர் வந்தார். நான் வேலை பார்த்த பள்ளியில் காவலாளி இடம் ஏதாவது கிடைக்குமா என்று விசாரிக்க வந்திருந்தார். எங்கள் தெருவைக் கண்டுபிடிக்கவே பாதி நாள் அலைந்தாராம். தண்ணீர் கொடுத்தேன். பேச்சுவாக்கில், "என்னை அனுப்பின அன்னைக்குக் கடைசியா உங்க பொண்ணோட பார்சலத்தாங்க கட்டினேன்" என்றார். "அந்த வாரம் பூராவும் நிக்கல் தொட்டி ஓடவே இல்லம்மா. கரைசல வெளிய வடிச்சு வச்சிருந்தோம். ஐயா அலமாரியில இருந்து ஒரு பின்ன எடுத்துக் கொடுத்தாரு. பழைய கூடையில மிஞ்சினதுதான். 'எல்லாம் ஒண்ணுதான்யா, கட்டு'ன்னாரு."

மகள் வேலை முடிந்து வந்து பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்தாள். சுவர் மெல்லியது.

அவர் போன பிறகு அவளே வந்தாள். காலைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். திருகைக் கழற்றிப் பின்னை உருவி என் கையில் கொடுத்தாள். "பாரு" என்றாள். இத்தனை நாளில் அவள் பேசிய முதல் வார்த்தை. பார்த்தேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, பளபளவென்று இருந்தது. சமையலறை இழுப்பறையிலிருந்து ஒட்டுகிற டேப்பைக் கொண்டுவந்து சோதித்தேன். நிக்கல் டேப்போடு வந்துவிட்டது. சாக்லேட் சுற்றிய தாள் மாதிரி, ஒரே துண்டாக. அடியில் மங்கிய சாம்பல் நிறம்.

உனக்கு ஒரு பின்னைப் பூசுவதற்கு அரைநாள் போதும். உன் அக்காள் மகளுக்காக அந்த அரைநாளை நீ செலவிடவில்லை. நீ கெட்டவன் என்று எனக்குத் தெரியும், சோம்பேறி என்று தெரியாது.

நிறுவனத்துக்கு எழுதட்டுமா என்று மகளிடம் கேட்டேன். இந்த முறை கேட்டேன். "எழுதினா நான் எழுதிக் கொடுத்தது பொய்னு ஆகும். முட்டியப் பிடுங்கிப்பாங்க. நாளைக்கு எனக்கு வேலை இருக்கும்மா" என்றாள். பின்னைத் துடைத்தாள். நிக்கல் உரிந்த அதே பின்னைத் திரும்ப உள்ளே தள்ளித் திருகினாள். "மெதுவா இறங்கறேன்" என்றாள்.

இன்று காலை அவள் படி இறங்குவதைக் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நடுப்படியில் நின்றாள். முட்டி முனகியது. கைப்பிடியை எட்டிப் பிடித்துக்கொண்டு மறுபடி இறங்கினாள். என்னைக் கூப்பிடவில்லை.

அவள் பெயரையோ உன் கடிதங்களையோ யாரிடமும் காட்ட மாட்டேன். அவளுக்குக் கொடுத்த வாக்கு. ஆனால் வாயைத் திறக்க மாட்டேன் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. அவள் போன பிறகு கால் பொருத்துகிற மையத்துக்குப் போனேன். அங்கே நீண்ட பெஞ்சில் காத்திருந்தவர்களின் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஓய்வு பெற்ற ஆசிரியர், சும்மா பேச வந்தேன் என்றேன். முதலில் ஒரு லாரி ஓட்டுநர் தன்னுடைய பின்னைக் கழற்றச் சொல்லிக் கொடுத்தார். டேப்பை உரித்ததும், நிக்கலோடு வந்த அதைத் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு பெஞ்சில் இருந்தவர்களுக்கெல்லாம் கைமாற்றினார். "யாருய்யா இந்த வேலையச் செஞ்சது?" என்று கேட்டார். தெரியாது என்றேன். உள்ளே போய்க் கேட்டுக்கொள்கிறேன் என்று எழுந்து போனார். அவர் பெரிய உருவம். நிதானமாகத்தான் நடந்தார், பின்னாலேயே மற்றவர்களும் போனார்கள்.

இந்தக் கடிதம் உன்னிடம் முதலில் வந்து சேருமா, அவர்கள் முதலில் வந்து சேருவார்களா என்று தெரியவில்லை. அலமாரியில் இன்னும் பின்கள் இருக்கும் அல்லவா? பெஞ்சில் சொன்னதையே உனக்கும் சொல்கிறேன். மேலே நிக்கல் பூசிய எதையாவது எடுத்துக்கொள். எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் துடை. பிளேடால் ஒரு கோடு கீறு. அதன் மேல் டேப்பை ஒட்டி நகத்தால் அழுத்தித் தேய். ஒரு முனையைப் பிடித்து வெடுக்கென்று இழு. இழுத்ததும் டேப்பின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்.